பாலிஷ் போட்ட பிறகும் பெயிண்ட் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து பேடையும் பாலிஷையும் மாற்றும் வழி

கார் பெயிண்டில் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் கனமான பாலிஷ்) போட்டும் ஸ்விர்ல் (வட்டவட்டமான மெல்லிய கீறல்) போகவில்லை, அல்லது ஸ்விர்ல் போய் மங்கல் வந்துவிட்டது என்றதும் பலரும் அடுத்த பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். ஆனால் மெஷின் பாலிஷிங்கில் கோளாறு பெரும்பாலும் மெஷினில் ஒட்டித் தேய்க்கும் பேடில்தான் தொடங்குகிறது. அழுக்கேறிய பேட், பாலிஷில் ஊறிப்போன பேட், சூடாகித் தளர்ந்த பேட், வேலைக்குப் பொருந்தாத பேட் என்று இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த பாலிஷும் அதன்மேல் வேலை செய்யாது. அதனால் கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே வரிசையைப் பின்பற்றுங்கள்: முதலில் பேடின் நிலை, அடுத்து உங்கள் கையின் வேகமும் அழுத்தமும், அதன்பின் பேடின் ரகம், கடைசியாகப் பாலிஷ். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாமலே அடுத்த பேனலுக்குப் போய்விடுவீர்கள்.

தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் பேசுவது பேடை ஒட்டும் 5 இன்ச் பிளேட் போட்ட டிஏ (டூயல் ஆக்‌ஷன், அதாவது சுற்றிக்கொண்டே ஊசலாடும்) மெஷினைப் பற்றி.

வேலையைத் தொடங்கும் முன்

காரைக் கழுவி, கிளே (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) போட்டு, காய வைத்த பிறகு முதலில் எடுக்க வேண்டியது பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர். கம்பெனி பெயிண்ட் மொத்தமாகச் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமனை, கிளியர் கோட்டை மட்டும் அல்ல. ஒரு பேனல் 200-க்கு மேல் காட்டினால் அது ரீபெயிண்ட் ஆகியிருக்கலாம். அதற்கும் பல மடங்கு காட்டினால் உள்ளே பள்ளம் நிரப்பிய பட்டி இருக்கிறது. 80, 90 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே நிறைய தேய்த்திருக்கலாம். அந்த இடத்தில் ஃபைன் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலோகத்துக்கான சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது, அங்கே கண்ணும் கவனமும்தான் துணை. மேட் ஃபினிஷ் பெயிண்ட் என்றால் மெஷினையே எடுக்காதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். ட்யூப்லைட்டுக்குக் கீழே எந்தக் காரும் நன்றாகத்தான் தெரியும். ஸ்விர்லும் ஹோலோகிராமும் (மெஷின் போன பாதையின் பட்டைகள்) தெரிய ஒற்றைப் புள்ளியாக ஒளி தரும் எல்இடி டார்ச் வேண்டும். மங்கல் தெரிய கொஞ்சம் தள்ளி நின்று, ஒளியைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பார்க்கும் முன் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு கலந்து தெளித்துத் துடைத்துவிடுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். அதைத் துடைக்காமல் சொல்லும் எந்த முடிவும் நம்பத்தக்கதல்ல.

பேடின் நிறத்தை நம்பாதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ரூப்பஸில் மஞ்சள் என்றால் ஃபைன் பேட், மெக்வயர்ஸில் மஞ்சள் என்றால் நடுத்தர பாலிஷிங் பேட், லேக் கண்ட்ரியில் மஞ்சள் என்றால் நன்றாக வெட்டும் கட்டிங் பேட். வெள்ளையும் அப்படித்தான்: ரூப்பஸில் அது மிக மென்மையானது, லேக் கண்ட்ரியில் நடுத்தரம். ஒரு கம்பெனியின் நிறத்தைப் பழகிவிட்டு இன்னொன்றை வாங்கியவர் கறுப்பு காரில் ஃபினிஷிங் என்று நினைத்துக் கட்டிங் பேடை ஓட்டிவிடுவார். பாட்டிலிலும் கவனம் தேவை. மென்செர்னாவில் எண் கூடக் கூட நயம் கூடும்: 400 கனமாக வெட்டும், 2500 நடுத்தரம், 3800 கடைசி மெருகு. காக் கெமியில் எச் என்றால் கனம், எஃப் என்றால் ஃபைன், எம் என்றால் மைக்ரோ.

ஸ்விர்ல் அப்படியே இருக்கிறது

முதலில் பேட் சுற்றுகிறதா என்று பாருங்கள். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு மெஷினை ஓட்டினால், அந்தக் கோடு நிதானமாகச் சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால் பேட் அதிர்கிறதே தவிர வெட்டவில்லை. மெஷினைச் சாய்த்துப் பிடிப்பது, அளவுக்கு மீறி அழுத்துவது, வளைந்த பேனல், தடிமனான பேட் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். பேனலோடு பேட் முழுவதும் படியும்படி பிடியுங்கள். கட்டிங்கின்போது மெஷினின் எடையோடு 5, 6 கிலோ அழுத்தம் போதும்; எவ்வளவு என்று தெரியாவிட்டால் வீட்டு எடை மெஷின்மேல் ஒரு பழைய பேனலை வைத்து அழுத்திப் பழகலாம்.

பேட் சுற்றுகிறது, ஆனாலும் கீறல் போகவில்லை என்றால் கை வேகத்தையும் இடத்தின் அளவையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு அடிச் சதுரம் மட்டும். டயல் 1-இல் பாலிஷைப் பரப்பி, பிறகு 4 அல்லது 5-க்கு ஏற்றி, நொடிக்கு ஓர் இன்ச் என்ற கணக்கில் நகர்த்துங்கள். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டில் பாதியை மூட வேண்டும். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை என்று மாறி மாறி நான்கு முதல் ஆறு பாஸ். பானட் முழுவதையும் ஒரே மூச்சில் தேய்ப்பவருக்கு எந்தக் காம்பவுண்டும் வெட்டாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? பாலிஷை அப்படியே வைத்துக்கொண்டு பேடை ஒரு படி கடினமாக்குங்கள்: நடுத்தர ஃபோமில் இருந்து கட்டிங் ஃபோம், அதிலிருந்து மைக்ரோஃபைபர் பேட். அதுவும் போதாதபோதுதான் கனமான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். மென்மையான ஃபினிஷிங் பேடில் கனமான காம்பவுண்டைப் போட்டு ஓட்டுவது வீண். அந்த ஃபோம் காம்பவுண்டில் உள்ள வெட்டும் துகளைப் பெயிண்டில் அழுத்திப் பிடிக்காது, துகள் அதற்குள்ளேயே புதைந்துவிடும். 8 மிமீ த்ரோ (பேட் ஊசலாடும் வட்டத்தின் அகலம்) மெஷின் வெட்டுவதற்கு 15 மிமீ மெஷினைவிட அதிக நேரம் எடுக்கும், அதைக் கோளாறாக நினைக்க வேண்டாம்.

நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறலைப் பாலிஷால் எடுக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிவரை போக முயன்றால் சுற்றியுள்ள கிளியர் கோட் போய்விடும். ஓரங்களை மழுங்கவைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதோடு விடுங்கள்.

ஸ்விர்ல் போனது, மங்கல் வந்தது

கறுப்பு கார் வைத்திருப்பவர்களை அதிகம் வருத்துவது இதுதான். கீறல் எதுவும் தனியாகத் தெரியாது, ஆனால் டார்ச் ஒளியைச் சுற்றி மெல்லிய புகை படிந்தாற்போல இருக்கும். கறுப்பு, சாம்பல் கலந்த கறுப்பாகத் தெரியும். மென்மையான பெயிண்டில் இது சீக்கிரம் வரும். டொயோட்டாவின் 202 கறுப்பு இந்த விஷயத்தில் டீட்டெய்லர்களிடம் பெயர் பெற்றது. மைக்ரோஃபைபர் பேடால் வெட்டிய பிறகு ஓரளவு மங்கல் வருவது இயல்பு, அடுத்த கட்டத்தில் அது போய்விடும். ஃபினிஷிங் செய்த பிறகும் நின்றால்தான் தேட வேண்டும்.

மங்கலைத் தருவது பேடா, பாலிஷில் உள்ள துகளா? இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு அடிச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரியுங்கள். அதே பாலிஷை, புதிய அல்லது கழுவிக் காய்ந்த ஃபினிஷிங் பேடில் போட்டு ஓட்டி, ஐபிஏ போட்டுத் துடைத்துப் பாருங்கள். மங்கல் குறைந்தால் குற்றவாளி பழைய பேட். அதே அளவு இருந்தால் பாலிஷின் துகள் அந்தப் பெயிண்டுக்கு முரடு. இப்போது பாலிஷை மாற்றுங்கள். மைக்ரோ வகைப் பாலிஷ், ஃபினிஷிங் பேட், டயல் 3, மெஷினின் எடையே அழுத்தம், பாலிஷ் இரண்டு சொட்டு கூடுதல் என்று தொடங்கிப் பாருங்கள். மென்பெயிண்டில் வேகம் குறைந்து, ஈரம் கூடினால் நல்லது.

இன்னொரு காரணம், துகள் முழுவதும் உடைவதற்கு முன்பே நிறுத்திவிடுவது. மென்செர்னா போன்ற பாலிஷ்களில் துகள் தேயத் தேயச் சிறிதாகிக்கொண்டே போகும். பால்போல இருந்த படலம் கண்ணாடிபோலத் தெளியும்வரை ஓட்ட வேண்டும். மெக்வயர்ஸ் 105, 205 போன்றவற்றில் துகளின் அளவு மாறாது. அவற்றை நீண்ட நேரம் ஓட்டினாலும் கூடுதல் நயம் வராது, படலம் உலர்ந்து பெயிண்டைத்தான் கெடுக்கும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி மங்கல் வராமலே இருக்கும்.

கடைசியாக, துடைக்கும் துணி. மென்பெயிண்டில் விளிம்பு தைத்த பழைய மைக்ரோஃபைபரே கோடு போடும். பாலிஷ் சரியாக வந்து, துடைத்த பிறகு மட்டும் நேர்கோட்டுக் கீறல் தெரிந்தால் துணியை மாற்றுங்கள், பேடை அல்ல.

மெஷின் போன பாதை தெரிகிறது

ஸ்விர்ல் ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்திவலையாகத் தெரியும். ஹோலோகிராம் அப்படி இல்லை: மெஷின் போன வழியிலேயே நீளப் பட்டைகளாக இருக்கும், நீங்கள் நடக்க நடக்க ஒளிர்ந்து மறையும். காலை வெயிலில் பானட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தப்பாமல் தெரியும். ரீபெயிண்ட் செய்து வந்த கார்களில் இது அதிகம், ஏனென்றால் அங்கே கடைசி வேலை பெரும்பாலும் ரோட்டரி மெஷினும் வூல் (கம்பளி) பேடுமாக முடிந்துவிடுகிறது. ரோட்டரி ஒரே திசையில் சுற்றுகிறது, வூலின் இழையும் ஒரே திசையில் வெட்டுகிறது, மெஷினைக் கொஞ்சம் சாய்த்தாலும் பேடின் ஓரம் மட்டும் ஆழமாகப் பதிகிறது.

சரிசெய்ய டிஏ மெஷினில் நடுத்தர ஃபோமும் ஃபைன் பாலிஷும் போதும். நான்கு பாஸில் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் முதலில் கட்டிங் ஃபோமில் ஒருமுறை வெட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள். ஆழமான கீறல் உள்ள பழைய பெயிண்டில் ரோட்டரியின் வெட்டு தேவைப்படும்போது 1000 முதல் 1500 ஆர்பிஎம்மில், பேடை முழுவதும் படியவைத்து ஓட்டுங்கள். அதன்பின் டிஏ கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. வூலோடு காரைக் கொடுத்து அனுப்புவது முடிக்காத வேலையைக் கொடுத்து அனுப்புவதுதான்.

சின்னச் சின்னச் சுருள் கீறல்

பேனலில் ஆங்காங்கே, ஸ்பிரிங் இழுத்தாற்போன்ற சுருள். இது எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது; அதுவே அடையாளம். பேடுக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு மண்துகளோ, காய்ந்து கட்டியான பாலிஷோ மாட்டி, டிஏ சுற்றும் வழியெல்லாம் அதே சுருளை வரைந்திருக்கிறது. பேட் தரையில் விழுந்தால் அதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். கிளே போடாத பேனல், கதவிடுக்கிலும் மோல்டிங் ரப்பரிலும் மிச்சமிருந்த மண், பக்கத்தில் ஓடும் டிங்கரிங் கிரைண்டர் ஆகியவையும் காரணம்.

பேடை உடனே கழற்றுங்கள். அதைக் கையில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரலை அழுத்தாமல் மேலே ஓட்டிப் பாருங்கள். நல்ல ஃபோம் சற்று ஈரமாக, துளைகள் திறந்து, ஒரே சீராக இருக்கும். கெட்டுப்போன பேடின் நடுப்பகுதி பளபளவென்று மொழுமொழுப்பாக இருக்கும், ஓரத்தில் பாலிஷ் சாம்பல் நிற மேலோடாகக் காய்ந்து நகத்துக்குக் கரகரவென்று தட்டுப்படும். அந்த மேலோட்டில் இருந்து உதிரும் ஒரு கட்டிதான் பேனல் முழுவதும் சுருள் போடுகிறது. கடினமான பேட் பிரஷால் மெஷின் ஓடும்போதே தேய்த்து எடுக்கலாம். மைக்ரோஃபைபர் பேட் என்றால் கம்ப்ரஸர் காற்றை ஊதுங்கள். இதை ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் செய்ய வேண்டும், பேனல் முடிந்ததும் அல்ல. முழுக் காருக்குக் கட்டிங் பேட் நான்கிலிருந்து ஆறும், ஃபினிஷிங் பேட் இரண்டு மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்குவது சரியல்ல. ஒரே பேடில் முழுக் காரையும் முடிப்பதால் வரும் இழப்பு, இன்னொரு பேடின் விலையைவிட எப்போதும் அதிகம்.

பொடி பறக்கிறது, பாலிஷ் ஒட்டிக்கொண்டு துடைக்க வரவில்லை

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வேர்: பாலிஷின் ஈரம் சீக்கிரம் போய்விட்டது. வெயிலில் நின்ற காரின் பானட் உள்ளங்கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதில் பாலிஷ் பரப்பும் முன்பே காய்ந்துவிடும். கத்திரி வெயில் காலத்தில் நிழல் மட்டும் போதாது. விடிகாலையிலோ, காரைக் கொண்டுவந்து நிறுத்தி பேனல் முழுவதும் ஆறிய பிறகோ தொடங்குங்கள். ஃபேனைப் பேனலைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள், உங்களைப் பார்த்துத் திருப்புங்கள்.

புதிய பேட் என்றால் முதல்முறை அதன் முகம் முழுவதும் பாலிஷை மெல்லியதாகத் தேய்த்து ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த ஃபோம் சொட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு பெயிண்டில் வறண்டு தேய்க்கும். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று அல்லது நான்கு சொட்டு. அளவு கூடினாலும் பொடி வரும், அது வேறு வகை: பேட் ஊறி, ஓரத்தில் தெறித்து, கட்டியாகி, பிறகு பொடியாகும். பேட் கனமாகிப்போனதா என்று கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வறட்சியா ஊறலா என்று தீர்மானித்த பிறகு மருந்து போடுங்கள். வறட்சி என்றால் பேட்மேல் ஒரே ஒரு தெளிப்புத் தண்ணீர். ஊறல் என்றால் புதிய பேட். மெக்வயர்ஸ் 105 போன்ற சில காம்பவுண்டுகள் இயல்பிலேயே பொடி தருபவை, வேலை நேரமும் குறைவு. சிறிய சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிக் காய்ந்த பாலிஷைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் புதுக் கீறல் வரும். அதன்மேல் அதே பாலிஷில் ஒரு சொட்டு போட்டு, டயல் 2-இல் ஓட்டினால் இளகிவிடும், உடனே துடையுங்கள்.

மெஷின் உதறுகிறது, பேட் பிய்கிறது

பேட் நடுவில் ஒட்டவில்லை என்றால் மெஷின் உதறும். கழற்றி, நான்கு பக்கமும் ஒரே அளவு விளிம்பு தெரியும்படி ஒட்டுங்கள். 5 இன்ச் பிளேட்டுக்கு ஐந்தரை முதல் 6 இன்ச் பேட். பிளேட்டின் ஓரம் பேடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெயிண்டைத் தொட்டுவிடும். மெஷினோடு வந்த பிளேட்டை வேறு அளவுக்கு மாற்றினால் எடைச் சமநிலை கெட்டு உதறல் கூடும். பாலிஷில் ஊறிய பேடும் கனத்தால் உதறும்.

பேடின் வெல்க்ரோ கழன்று வருவதும், நடுப்பகுதி உருகுவதும் சூட்டால். டயலை 6-இல் வைத்து அழுத்தினால் சூடு முதலில் சேர்வது பேடின் நடுவில்தான். அதனால்தான் பல பேடுகளின் நடுவில் ஓட்டை வைக்கிறார்கள். இரண்டு பேடை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கழுவியபின் ஃபோம் பக்கம் கீழே இருக்கும்படி காயவிட்டால் வெல்க்ரோவின் பசையில் தண்ணீர் தேங்காது. பம்பரிலும் கண்ணாடிக் கூட்டிலும் சூட்டைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: இரும்பு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அதே இடத்தில் வைத்துக்கொள்ளும். அங்கே 3 இன்ச் பேட், குறைந்த வேகம், நின்று தேய்க்காமல் நகர்ந்துகொண்டே இருப்பது.

சில வாரத்தில் கீறல் திரும்பி வந்துவிட்டது

திரும்பி வரவில்லை, போகவே இல்லை. பாலிஷில் இருந்த எண்ணெயும் நிரப்புப் பொருளும் கீறலை மறைத்திருந்தன, இரண்டு வாஷில் கரைந்துவிட்டன. ஐபிஏ சோதனையைத் தவிர்த்ததன் விளைவு இது. ஆனால் ரீபெயிண்ட் ஆன பேனலில் மட்டும் வந்தால் கதை வேறு. பெயிண்டுக்குள் இருந்த தின்னர் மெல்ல வெளியேற, பெயிண்ட் சுருங்கி, அடியில் உள்ள சாண்ட்பேப்பர் கோடுகள் மேலே தெரிகின்றன. பெயிண்ட் முழுவதும் இறுகியபின் மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி; இறுகும்வரை கோட்டிங்கும் போட வேண்டாம்.

காரைத் தினமும் காய்ந்த துணியால் தூசி தட்டுபவர் என்றால், புதுக் கீறலே வந்திருக்கலாம்.

வெள்ளை வளையம் போகவில்லை

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காய்ந்த கார்களில் வரும் வளையம், பெயிண்டின்மேல் ஒட்டிய உப்பு. அதைக் காம்பவுண்டால் தேய்ப்பது தவறு. உப்பு போகும்வரை கிளியர் கோட்டும் சேர்ந்து போகிறது. முதலில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஆறிய பேனலில் ஒரு நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் கழுவுங்கள். அல்லது வாட்டர் ஸ்பாட் ரிமூவர் பயன்படுத்துங்கள். அதன்பிறகும் வளையத்தின் தடம் தெரிந்தால் அது பெயிண்டை அரித்திருக்கிறது. நடுத்தர பேடும் நடுத்தர பாலிஷுமாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதி குறைந்தால் போதும் என்று விட்டுவிடுவது நல்ல முடிவு. பறவை எச்சத்தின் தடத்துக்கும் இதே எல்லைதான்.

பேடில் கார் நிறம் ஏறுகிறது

உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் நிறமற்றது. அதைத் தேய்க்கும்போது பேடில் நிறம் வரக்கூடாது. இரண்டு வாய்ப்புகள் உண்டு. பழைய கார்களிலும் சில வணிக வாகனங்களிலும் உள்ளது கிளியர் கோட் இல்லாத பெயிண்ட். அதில் நிறம் ஏறுவது இயல்பு. தெரிந்துகொள்ள, டிக்கிக்கு உள்ளே, யாரும் மெஷின் வைக்காத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ஃபைன் பாலிஷ் தொட்டுக் கையால் தேய்த்துப் பாருங்கள். அங்கும் துணியில் நிறம் வந்தால் அந்த வகை. கிளியர் கோட் இல்லாததால் தடிமனை இன்னும் கவனமாகப் பார்த்து, நடுத்தர பாலிஷோடு தொடரலாம். பேடில் நிறம் சேரச் சேரக் கழுவ வேண்டும்.

அங்கே வரவில்லை, இங்கே மட்டும் வருகிறது என்றால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இதற்குப் பாலிஷில் மருந்து கிடையாது, பெயிண்டரிடம்தான் போக வேண்டும். இது நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: பானட்டின் மடிப்புக் கோடு, கதவின் ஓரம், ஃபெண்டரின் வளைவு. பெயிண்ட் அந்த விளிம்புகளில் இயல்பாகவே மெல்லியது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவிகிறது. வேலை தொடங்கும் முன் அந்த விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேனல் முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள கோட்டை ஃபினிஷிங் பேடால், மெஷின் இல்லாமல் கையால் நாலைந்து முறை தேய்த்து முடியுங்கள்.